தூக்குத் தண்டனையும் மநுநீதியும்

(பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவின் சுருக்கம்)



கொடுங்குற்றம் செய்தவனுக்கு என்ன தண்டனை கொடுப்பது, அதை எந்த நியாயத்தைக் கொண்டு முடிவு செய்வது என்பதைப்பற்றிச் சில வார்த்தைகள் சொல்ல ஆசைப்படுகிறேன். ஓரிடத்தில் ஒரு கோரக்கொலை நடந்தால், “அவனைத் தூக்கில் போடு” என்பதுதான் ஜனங்கள் வாயில் முதலில் வருகிறது. அந்தக் கோபம் நியாயமானதுதான். ஆனால் கோபம் நியாயமாயிருப்பதாலேயே அது கேட்கிற தண்டனையும் நியாயமாகிவிடுமா?

முதலில் வைதீகர்களைக் கேட்கிறேன். எல்லாம் தலையெழுத்தின்படி நடக்கிறது என்கிறீர்களே, அப்படியானால் தலையெழுத்தின்படி கொலை செய்தவனுக்குத் தண்டனை எதற்கு? தண்டிப்பது சரி என்றால் தலையெழுத்து பொய். தலையெழுத்து மெய் என்றால் கோர்ட்டும் ஜெயிலும் வீண். இரண்டில் எதை வைத்துக்கொள்ளப் போகிறீர்கள்?

அடுத்தபடி சாஸ்திரத்துக்கு வருவோம். மநுதர்ம சாஸ்திரம் 8-வது அத்தியாயம் 379, 380-வது சுலோகங்களின் கருத்து என்ன? மற்ற வருணத்தார்க்கு உயிர்போகும் தண்டனையுள்ள குற்றத்துக்குப் பார்ப்பனனுக்குத் தலையை மொட்டையடித்தால் போதும். அவன் எப்பேர்ப்பட்ட பாவம் செய்திருந்தாலும் கொல்லாமல், அவன் பொருளோடு தேசத்தைவிட்டு அனுப்பிவிட வேண்டும் என்பதே. அதே அத்தியாயத்தில், மேல்வருணத்தானைக் கடுஞ்சொல்லால் திட்டிய சூத்திரனுக்கு நாக்கை அறுக்கச் சொல்லியிருக்கிறது! செய்கையைப் பார்க்காமல், செய்தவன் பிறப்பைப் பார்த்து அளந்த நீதி இது.

இனி வெள்ளைக்காரன் நீதியைப் பார்ப்போம். நந்தகுமார் என்ற வங்காளத்துப் பார்ப்பனர், கவர்னர் ஜெனரல் வாரன் ஹேஸ்டிங்ஸ் லஞ்சம் வாங்கினார் என்று குற்றஞ்சாட்டினார். பிறகு அவர்மீதே கள்ளப்பத்திர வழக்கு வந்தது. கல்கத்தா சுப்ரீம் கோர்ட்டுத் தீர்ப்பின்படி 1775 ஆகஸ்ட் 5-ந் தேதி அவரைத் தூக்கிலிட்டார்கள். மநுவின் சலுகை செல்லவில்லையே என்று நம்மில் சிலர் சந்தோஷப்படலாம். நான் சந்தோஷப்பட மாட்டேன். ஒரு பத்திரத்துக்காக ஓர் உயிரை எடுப்பது, அவர் எந்த ஜாதியாரானாலும் அக்கிரமமே. அந்தக் குற்றத்துக்கு இன்று இங்கிலாந்திலும் தூக்கில்லை, இந்தியாவிலும் தூக்கில்லை. சட்டம் மாறிற்று; செத்தவர் திரும்பி வந்தாரா? எல்லோரையும் ஒரே கயிற்றில் தொங்கவிடுவதல்ல, தோழர்களே, சமத்துவம்.

“இப்போதுதான் சட்டத்தின்முன் எல்லோரும் சமமாயிற்றே” என்பீர்கள். ஐக்கிய மாகாணம் என்றிருந்த உத்தரப்பிரதேசத்தில் ஒரு குடும்பத்தில் நான்கு பேரைக் கொன்றதற்காக மூன்று பேருக்குத் தூக்கு விதிக்கப்பட்டது. குற்றமும் ஒன்று, தண்டனையும் ஒன்று. மூவரும் தனித்தனியே உச்சநீதிமன்றத்துக்குப் போனார்கள். ஒருவன் மனு 1976-ல் தள்ளுபடியாயிற்று. மற்றொருவனுக்கு 1977-ல் ஆயுள்தண்டனையாகக் குறைந்தது. மூன்றாமவன் மனுவும் தள்ளுபடியானது. ஆனால் கடைசி நேரத்தில் மறுபடி மனுப்போட்டுத் தடை வாங்கினான். முதலாமவனோ 1981 அக்டோபர் 6-ந் தேதி தூக்கிலிடப்பட்டான். 1982-ல் அதே நீதிமன்றம், மூன்றாமவன் தண்டனையைக் குறைக்கும்படி குடியரசுத் தலைவருக்குப் பரிந்துரைத்தது. கயிற்றில் தொங்கியவனுக்கு யார் பரிந்துரைப்பது? மநு பிறப்பைப் பார்த்தான். இங்கே அதிர்ஷ்டம் பார்த்தது. இரண்டும் நீதியாகுமா?

அபூர்வத்திலும் அபூர்வமான வழக்கில்தான் தூக்கு என்று 1980-ல் உச்சநீதிமன்றம் சொல்லிற்று. 2024 ஜூலை 1-ந் தேதி அமுலுக்கு வந்த புதிய தண்டனைச் சட்டத்திலும் தூக்கு இருக்கவே இருக்கிறது. எது அபூர்வம் என்று முடிவு செய்கிறவர்களும் நம்மைப்போல் தவறக்கூடிய மனிதர்கள்தானே?

“உன் பிள்ளையைக் கொன்றால் இப்படிப் பேசுவாயா?” என்று கேட்கலாம். அப்போது எனக்கும் ஆத்திரம் வரும். அதனால்தான் தண்டனையை என் கையில் கொடுக்காமல், நடுவிலிருப்பவரிடம் கொடுத்திருக்கிறது. அந்த நடுவரும் ஆத்திரப்பட்டால் பிறகு கோர்ட்டு எதற்கு?

குற்றவாளியை விட்டுவிடு என்று நான் சொல்லவில்லை. சாட்சியம் திட்டமாய் நிரூபிக்கப்படட்டும். ஏழை, பணக்காரன், மேல்ஜாதி, கீழ்ஜாதி என்று பாராமல் ஒரே அளவு இருக்கட்டும். ஜனங்களுக்கு ஆபத்தானவன் ஆயுள் முழுதும் ஜெயிலில் இருக்கட்டும். செத்தவன் குடும்பத்தைச் சர்க்கார் காப்பாற்றட்டும். ஆனால் தீர்ப்பில் தவறு கண்டால் திருத்துவதற்கு ஆள் உயிரோடிருக்க வேண்டும். இதை யோசித்து, உங்கள் பகுத்தறிவுக்குச் சரியென்று பட்டால் ஒப்புக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் தள்ளிவிடுங்கள் என்று கேட்டுக்கொண்டு முடித்துக்கொள்ளுகிறேன்.