வலியைச் சொல்லுவது அவிசுவாசமல்ல

(பங்காளர் குடும்பக் கூடுகையில் எங்கள் மருத்துவமனைப் போதகர் ஆற்றிய உரை)



யாக்கோபின் இடுப்பை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். யாபோக்கு ஆற்றுத்துறையிலே விடியுமட்டும் போராடின அந்த மனிதன், ஆசீர்வாதத்தோடுகூட ஒரு நொண்டலையும் பெற்றுக்கொண்டு, சூரியன் உதிக்கும் வேளையில் நடந்துபோனான். பிரசங்கிமாராகிய நாங்கள் ஆசீர்வாதத்தைக் குறித்து அதிகமாய்ப் பேசுவோம். அந்த இடுப்பைக் குறித்துப் பேசமாட்டோம். இன்றைக்கு இடுப்பைக் குறித்தே பேச எங்களுக்கு உத்தரவு தாருங்கள். புற்றுநோய் எலும்புக்குப் பரவி, இடுப்பு வலியோடும் முதுகு வலியோடும் நாட்களைக் கடத்துகிற அநேகரை எங்கள் வார்டுகளிலும் வீட்டுச் சந்திப்புகளிலும் காண்கிறோம். நீங்கள் அனுப்பும் காணிக்கை அவர்களிடத்தில்தான் போய்ச் சேருகிறது.

முதலாவது எங்கள் தவறு ஒன்றைச் சொல்லவேண்டும். அந்தக் குடும்பத்தாரின் சம்மதத்தோடு சொல்லுகிறோம். பேரும் ஊரும் வேண்டாம்.

ஞாயிறு பள்ளியில் பல வருஷம் பிள்ளைகளுக்குப் பாடம் சொன்ன ஒரு தாயார். மார்பகப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை பெற்று, சில வருஷம் சுகமாயிருந்தார்கள். பிறகு நோய் முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் வந்திருப்பதாக ஸ்கேனில் தெரிந்தது. ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் வீட்டுக்குப் போனபோது பாயில் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள். "எப்படியம்மா இருக்கிறீர்கள்?" என்றோம். "ஸ்தோத்திரம் ஐயா, கர்த்தர் நடத்துகிறார்" என்றார்கள். மகள் குறுக்கிட்டு, "ராத்திரி படுக்கவே முடியவில்லை ஐயா, உட்கார்ந்தபடிதான் தூங்குகிறார்கள். நேற்றிலிருந்து கால் மரத்துப்போகிறது என்கிறார்கள்" என்றாள். தாயார் அவளை அடக்கினார்கள்: "சும்மா இரு. ஐயா ஜெபிக்க வந்திருக்கிறார்கள்; அவர்களிடம் போய் இதையெல்லாம் சொல்லாதே."

நாங்களும் சும்மா இருந்துவிட்டோம். வேதம் வாசித்தோம், ஜெபித்தோம், அவர்களுடைய பொறுமையை மெச்சிப் பேசினோம், காப்பி குடித்துவிட்டு வந்தோம். திங்கட்கிழமை காலையில் அவர்களை ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். நிற்க முடியவில்லை. சிறுநீரும் அடைத்துவிட்டது. பரவிய கட்டி முதுகுத்தண்டின் நரம்பை நெருக்கிவிட்டது என்று டாக்டர் சொன்னார். அன்றைக்கே ஊசி போட்டு, கதிரியக்கச் சிகிச்சைக்கு நகரத்துக்கு அனுப்பினோம். வலி தணிந்தது, காலில் பலம் திரும்பவில்லை. கடைசி மாதங்களைப் படுக்கையிலேயே கழித்தார்கள். நரம்பு நெருக்கத்தில் ஒவ்வொரு மணி நேரமும் கணக்கு என்றும், நடக்கும்போதே சிகிச்சைக்கு வந்தவர்கள் தொடர்ந்து நடக்கும் வாய்ப்பு அதிகம் என்றும் பிறகுதான் அறிந்தோம். அந்த மகள் இதுவரை எங்களை ஒரு வார்த்தை குறை சொன்னதில்லை. ஆனாலும் அந்த வெள்ளிக்கிழமை எங்களுக்கு மறக்கவில்லை.

ஆகையால் எங்கள் டாக்டர்மாரும் நர்சுமாரும் எங்களுக்குக் கற்றுக்கொடுத்ததை உங்களுக்கும் சொல்லுகிறோம். உங்கள் சபையிலும் உறவிலும் இப்படிப்பட்டவர்கள் இருப்பார்கள்.

மார்பகம், புராஸ்டேட் சுரப்பி, நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு ஆகிய இடங்களில் தொடங்கும் புற்றுநோய் எலும்புக்குப் பரவுவது அதிகம். முதுகெலும்பும், இடுப்பெலும்பும், தொடையெலும்பின் மேற்பகுதியும் அது தங்கும் இடங்கள். கரையான் அரித்த உத்தரம் வெளியே முழுசாய்த் தெரிந்தாலும் பாரம் தாங்காது அல்லவா? அப்படியே அந்த எலும்பும். புற்றுநோயாளிக்கு வருகிற எல்லா முதுகு வலியும் புற்றுநோயினால் வருவதல்ல. வயதும் தேய்மானமும் அவர்களுக்கும் உண்டு. ஆனால் அதை நாமே தீர்மானிக்கக்கூடாது. புதிதாய் வந்த வலியையும், நாளுக்கு நாள் கூடுகிற வலியையும், ராத்திரியில் எழுப்பிவிடுகிற வலியையும் டாக்டரிடம் சொல்லவேண்டும்.

அன்றைக்கே மருத்துவமனைக்குக் கொண்டுவரவேண்டிய அடையாளங்கள் உண்டு. படுத்தாலோ இருமினாலோ தும்மினாலோ முதுகு வலி கூடுவது. கச்சை கட்டி இறுக்கினதுபோல நெஞ்சையோ வயிற்றையோ சுற்றி வலிப்பது. கால் தள்ளாடுவது, மரத்துப்போவது. தொடைகளுக்கு நடுவே உணர்ச்சி குறைவது. சிறுநீரோ மலமோ அடைத்துக்கொள்வது, அல்லது அறியாமல் போவது. இவற்றில் ஒன்று கண்டாலும், "ஞாயிறு கழியட்டும், திங்கள் பார்ப்போம்" என்று இருந்துவிடாதிருங்கள். நாங்கள் இருந்து பார்த்தோம்.

காலை ஊன்றும்போது இடுப்பிலோ, தொடையிடுக்கிலோ, தொடையிலோ சுரீரென்று வலித்து, உட்கார்ந்தால் தணிகிறதா? எலும்பு முறியப்போகிறது என்பதற்கு அது அடையாளமாயிருக்கலாம். அந்தக் காலில் பாரம் வைக்காமல் அழைத்துவந்து எக்ஸ்ரே எடுக்கவேண்டும். முறியுமுன்னே கண்டால் உள்ளே கம்பி வைத்துத் தாங்கச்செய்ய டாக்டர்களால் பலருக்கு முடியும். சுளுக்கு என்று நினைத்து எண்ணெய் போட்டு அழுத்தி உருவுவதும், முதுகை மிதிக்கச் சொல்லுவதும், முறுக்கிச் சொடக்கு எடுப்பதும் வேண்டவே வேண்டாம். அன்புள்ள கைகள்தான் அதைச் செய்கின்றன. ஆனாலும் அரிக்கப்பட்ட எலும்பு அதைத் தாங்காது. ஆசைக்கு உள்ளங்கையையும் பாதத்தையும் மெதுவாய்த் தடவிக்கொடுங்கள்.

அடுத்தது மாத்திரை. தெருமுனை மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக், ஐபுபுரோஃபென் போன்றவற்றை வாங்கி நாட்கணக்கில் விழுங்குகிறவர்கள் உண்டு. டாக்டர் சொன்னால் அவை நல்ல மருந்துகளே. சொல்லாமல் சாப்பிட்டால் வயிற்றில் புண்ணும் இரத்தப்போக்கும், சிறுநீரகத்துக்குக் கேடும் வரலாம். வெவ்வேறு பேரில் ஒரே வகை மருந்தை இரட்டிப்பாய்ச் சாப்பிடுகிறவர்களும் உண்டு. கீமோதெரபி நடக்கும் நாட்களில் இரத்தத் தட்டுகள் குறையும். அப்போது ஆபத்து அதிகம். பாரசிட்டமால்கூட காய்ச்சலை மறைத்துவிடும். ஆகவே அந்நாட்களில் மாத்திரைக்கு முன்னே உடம்புச் சூட்டைத் தெர்மாமீட்டரில் பார்க்கவேண்டும். காய்ச்சல் இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் சொல்லவேண்டும்.

வலி மிகுந்தால் மார்ஃபீன் உண்டு. அந்தப் பேரைச் சொன்னதும் வீட்டார் முகம் மாறுவதைப் பார்த்திருக்கிறோம். "கடைசி மருந்தா ஐயா?", "அடிமையாகிவிடுவார்களா?" என்று கேட்கிறார்கள். 1986ஆம் ஆண்டிலேயே உலகச் சுகாதார நிறுவனம் புற்றுநோய் வலிக்கு வாய்வழியாக, வேளை தவறாமல், வலியின் அளவுக்கு ஏற்ப மருந்து கொடுக்க வழிகாட்டியது. நம்முடைய நாட்டில் 1985ஆம் ஆண்டு போதைமருந்துச் சட்டத்தின் கெடுபிடியினால் வெகுகாலம் நோயாளிகளுக்கு இது எட்டாமலிருந்தது. 2014ஆம் ஆண்டு திருத்தத்துக்குப் பின் வழி இலகுவாயிற்று. டாக்டர் அளந்து கொடுக்கும் மார்ஃபீன் ஆயுளைக் குறைப்பதில்லை. புற்றுநோய் வலிக்கு மேற்பார்வையோடு சாப்பிடுகிறவர்கள் போதைக்கு அடிமையாவது அரிது. முதல் சில நாள் தூக்கமும் குமட்டலும் இருக்கலாம். அவை பெரும்பாலும் தணியும். மலச்சிக்கல் மட்டும் தணியாது. ஆகவே முதல் நாளிலிருந்தே மலமிளக்கியும் சேர்ந்து நடக்கவேண்டும். வலி வந்தபின் சாப்பிடலாம் என்று காத்திராமல், கடிகாரத்தைப் பார்த்துச் சாப்பிடவேண்டும். பிள்ளைகளுக்கு எட்டாதபடி பூட்டி வையுங்கள்; வேறொருவருக்குக் கொடாதிருங்கள்; மதுவோ, டாக்டருக்குத் தெரியாத தூக்க மாத்திரையோ கூடாது; நாமாகத் திடீரென்று நிறுத்தவும் கூடாது. எழுப்ப முடியாத மயக்கமோ மூச்சு மந்தமோ கண்டால் உடனே கொண்டுவாருங்கள்.

கதிரியக்கச் சிகிச்சையும் எலும்பு வலிக்கு நல்ல மருந்து. பலருக்கு ஒரே தடவை போதும். வலியைத் தணிப்பதில் பல நாள் சிகிச்சைக்கு அது குறைந்ததல்ல என்று டாக்டர்கள் சொல்லுகிறார்கள். முதல் இரண்டொரு நாள் வலி சற்றுக் கூடலாம். பலன் முழுவதும் தெரியச் சில வாரம் ஆகலாம். எலும்பை உறுதிப்படுத்தும் ஊசியும் உண்டு. அதற்கு முன்னே பல் டாக்டரிடம் காண்பிப்பது நல்லது.

வீட்டிலே செய்யக்கூடியது இன்னும் அதிகம். தரையில் பாய் வேண்டாம், கட்டில் வேண்டும். குந்தி உட்காரும் கழிப்பறைக்குப் பதிலாகக் கமோடு நாற்காலி. ஒருக்களித்துப் படுக்கும்போது முழங்கால்களுக்கு நடுவே ஒரு தலையணை. எழும்பும்போது முதுகை முறுக்காமல், உடம்பை ஒரே கட்டையாய்ப் புரட்டி, கையை ஊன்றி எழும்பவேண்டும். கைத்தடியை வலிக்கிற இடுப்புக்கு எதிர்ப்பக்கத்துக் கையில் பிடிக்கவேண்டும். தண்ணீர்க் குடம் தூக்குவதை மற்றவர்கள் பார்த்துக்கொள்ளட்டும். வெந்நீர்ப் பை இதமாயிருக்கும்; ஆனால் மரத்துப்போன இடத்திலும் கதிரியக்கம் கொடுத்த தோலிலும் வைக்கவேண்டாம்.

இனி ஊழியக்காரர் என்ற முறையில் எங்கள் பங்கைச் சொல்லுகிறோம். "ஐயா, சிலுவையில் ஆண்டவர் வெள்ளைப்போளம் கலந்த திராட்சரசத்தை வேண்டாம் என்றாரே, நான் மட்டும் மருந்து சாப்பிடலாமா?" என்று ஒரு பெரியவர் எங்களைக் கேட்டார். அது அவர் நமக்காகச் சுமந்த பாடு. தம்மிடத்தில் வந்த வியாதியஸ்தர் ஒருவரையாவது, போய்ப் பொறுத்துக்கொள் என்று அவர் அனுப்பினதாகச் சுவிசேஷங்களில் காணோம். குருடனாகிய பர்திமேயு கூப்பிட்டபோது, அவனுக்கு என்ன வேண்டும் என்று முதலாவது கேட்டார். குருடனுக்கு என்ன வேண்டும் என்பது அவருக்குத் தெரியாதா? ஆனாலும் அவன் வாயினாலே சொல்ல இடங்கொடுத்தார். அந்த வெள்ளிக்கிழமை நாங்கள் கொடாத இடம் அதுவே.

லண்டனில் 1967ஆம் ஆண்டு செயின்ட் கிறிஸ்டோபர் மருத்துவ இல்லத்தைத் திறந்த சிசிலி சாண்டர்ஸ் அம்மையார், நர்சாகவும் சமூகப் பணியாளராகவும் இருந்து பின் டாக்டரானவர், விசுவாசமுள்ள கிறிஸ்தவர். உடம்பின் வலியோடு மனதின் வலியும், குடும்பத்தின் பாரமும், ஆத்துமாவின் கலக்கமும் ஒன்றாய்ச் சேர்ந்ததே முழு வலி என்று உலகத்துக்குக் கற்பித்தார். அந்த வலியில் ஜெபத்துக்கு இடமுண்டு, மாத்திரைக்கும் இடமுண்டு, கேட்கிற காதுக்கும் இடமுண்டு.

இப்பொழுது நாங்கள் வீடுகளுக்குப் போகும்போது வேதத்தைத் திறக்குமுன் கேட்கிறோம்: "ராத்திரி படுக்க முடிகிறதா? கால் பலமாயிருக்கிறதா? சிறுநீர், மலம் சரியாய்ப் போகிறதா?" வெட்கமான கேள்வி என்று தொடக்கத்தில் கூசினோம். இப்போது கூசுவதில்லை. கேட்டு அறிந்து, நர்சுக்குப் போன் செய்த பிறகு ஜெபிக்கிறோம்.

பிரியமான பங்காளர்களே, உங்கள் காணிக்கையினால் கட்டில்களும் கமோடு நாற்காலிகளும் கைத்தடிகளும் வாங்கி வீடுகளுக்கு இரவல் கொடுக்கிறோம். வீட்டுச் சந்திப்பு ஜீப் ஓடுகிறது. ஏழைகளின் மருந்துச் செலவு தாங்கப்படுகிறது. உங்களுக்கு நன்றி. பணத்தோடு இன்னும் இரண்டு காரியம் கேட்கிறோம். உங்கள் ஆலயத்தில் கைப்பிடியுள்ள நாற்காலிகள் சிலவற்றை முன்வரிசையில் போடுங்கள். தரையில் உட்கார முடியாததினாலே ஆராதனையை விட்டவர்கள் திரும்ப வருவார்கள். முழங்காற்படியிட முடியாதவர்களைப் பார்த்து, அது குறைவல்ல என்று சொல்லுங்கள். யாக்கோபும் வயதுசென்ற காலத்தில் தன் கோலின்மேல் சாய்ந்தே தொழுதுகொண்டான். இரண்டாவது, வியாதியஸ்தரைச் சந்திக்கப் போகும்போது அந்தக் கேள்விகளைக் கேளுங்கள். அவர்கள் "ஸ்தோத்திரம், சுகந்தான்" என்றால், பக்கத்தில் நிற்கிற மகளின் முகத்தையும் பாருங்கள்.

ஜெபிப்போம். இரக்கமுள்ள பிதாவே, வலியோடு இந்த இரவைக் கழிக்கிற உம்முடைய பிள்ளைகளைத் தாங்கும். அவர்கள் கூச்சமின்றிச் சொல்லவும், நாங்கள் அவசரமின்றிக் கேட்கவும் கிருபை தாரும். வைத்தியர்களின் கைகளையும் கொடுக்கிறவர்களின் கைகளையும் ஆசீர்வதியும். இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் ஜெபங்கேளும் பிதாவே. ஆமென்.