போதும் என்ற மனம்



நம் வள்ளியூருக்கு அருகேயுள்ள வடக்கன்குளத்தில் 1745-ஆம் ஆண்டு ஞானஸ்நானம் பெற்றவர் புனித தேவசகாயம். திருவிதாங்கூர் அரண்மனை அதிகாரி. பதவியும் வசதியும் உள்ள குடும்பஸ்தர். விசுவாசத்தை மறுதலித்திருந்தால் அத்தனையும் அவருக்கு மிஞ்சியிருக்கும். அவரோ அனைத்தையும் விட்டு, விலங்கு பூண்டு, 1752 ஜனவரி 14-இல் ஆரல்வாய்மொழி காற்றாடி மலையில் உயிரையும் கொடுத்தார். 2022 மே 15-இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

நம்மிடம் எவரும் உயிரைக் கேட்கவில்லை. ஆனால் ஊர் மெச்ச வேண்டுமென்று வட்டிக்கு வாங்கிச் சடங்கும் சீரும் நகையும் செய்கிறோமே! அந்தக் கடனும் விலங்குதான். அதை நாமே பூட்டிக்கொள்கிறோம். ஆடம்பரத்தைக் குறைப்போம். மிச்சப்படுவது இல்லாத வீட்டுப் பிள்ளையின் படிப்புக்குப் போகட்டும். ஆண்டவருக்கு அதுவே உகந்த காணிக்கை.