புள்ளி விடுபட்டால் பெயர் கெடும்



மெய்யெழுத்தின் தலைப்புள்ளி விடுபட்டால் சொல்லே வேறாகும் என்பதைத் தமிழ்ப்பிள்ளைகள் அறிவர். இணையப் பெயர்க்கும் அத்தகைய புள்ளி ஒன்று உண்டு. 2009 அக்தோபர் 12ஆம் நாள் இரவு, சுவீடன் நாட்டிற்குரிய 'எசு.இ.' என்னும் ஈற்றையுடைய ஏறத்தாழ ஒன்பது இலக்கம் பெயர்கள் செயலிழந்தன. பகைவர் தாக்கினரோ? இல்லை. கம்பி அறுந்ததோ? இல்லை. பதிவுக்கோப்பை ஆக்கிய நிரல், பெயர்களின் ஈற்றுப்புள்ளியை இடாது விட்டது. அவ்வளவே!

கணிப்பொறிகள் ஒன்றையொன்று எண்ணால் அறியும். மாந்தரோ பெயரால் அறிவர். இரண்டையும் இணைக்கும் பட்டியல் தொடக்கத்தில் அமெரிக்காவில் ஒரே கோப்பாக இருந்தது. 1983இல் பால் மொக்கபெத்ரிசு வகுத்த முறை அதனைப் பல ஆட்சிப்பகுதிகளாகப் பிரித்தது. பகுதிக்கொரு கோப்பு, அதனை எழுதுவோரே அப்பெயரை ஆள்வோர்.

அக்கோப்பின் தலையில் நிற்பது 'எசு.ஓ.ஏ.' என்னும் ஆட்சித்தொடக்கப் பதிவு. முதன்மை வழங்கியின் பெயரும், பொறுப்பாளரின் மின்னஞ்சல் முகவரியும், ஐந்து எண்களும் அதில் உள. முதலாவது வரிசையெண். கோப்பைத் திருத்துந்தோறும் இதனை உயர்த்தல் வேண்டும்; உயர்த்தாவிடின், துணை வழங்கிகள் மாற்றம் இல்லையென்று எண்ணிப் பழைய படியையே வழங்கிக்கொண்டிருக்கும். துணை வழங்கி எத்துணை நொடிக்கொருமுறை வந்து வினவுவது என்பது இரண்டாவது. விடை கிட்டாவிடின் எப்போது மீண்டும் முயல்வது என்பது மூன்றாவது. முதன்மை வழங்கியை எட்டவே இயலாதபோது எத்துணைக் காலத்தின்பின் தன் படியைக் கைவிடுவது என்பது நான்காவது. 'அப்படியொரு பெயர் இல்லை' என்னும் விடையைப் பிறர் எத்துணை நேரம் நினைவில் வைப்பது என்பதே ஐந்தாவது.

அடுத்து வருவன பிற பதிவுகள். 'என்.எசு.' பதிவு பெயர் வழங்கிகளைக் காட்டும். 'ஏ' பதிவு 32 இருமிகளாலான முகவரியையும், நான்கு 'ஏ' கொண்ட பதிவு 128 இருமிகளாலான முகவரியையும் தரும். 'எம்.எக்சு.' அஞ்சல் சேருமிடத்தைச் சொல்லும். அதில் சிறிய எண்ணுக்கே முதன்மை.

இனி அப்புள்ளிக்கு வருவோம். ஈற்றில் புள்ளியிருப்பின் பெயர் முற்றுப்பெற்றதாகும். இல்லையேல், வழங்கி அப்பகுதியின் பெயரையும் அதனோடு ஒட்டிவிடும். சுவீடனில் 'எசு.இ.' இருமுறை வந்தது இவ்வாறே. ஒருமணி நேர அளவில் கோப்புத் திருத்தப்பட்டும் துன்பம் உடனே நீங்கவில்லை. ஏன்? ஒவ்வொரு பதிவுக்கும் நொடிக்கணக்கில் ஒரு வாழ்நாள் குறிக்கப்படுகிறது. 86,400 என்றால் ஒருநாள். அது முடியுமட்டும் பிற வழங்கிகள் பிழையையே நினைவில் வைத்திருக்கக்கூடும். ஆகவே, முகவரி மாற்றுவோர் அவ்வாழ்நாளை முன்னரே குறைத்துக்கொள்க!

இன்று 'இந்தியா', 'இலங்கை', 'சிங்கப்பூர்' என்னும் ஈறுகள் தமிழெழுத்திலேயே இணையத்தில் உள. எனினும், கோப்பினுள் அவை 'எக்சு', 'என்', இரு சிறுகோடு எனத் தொடங்கும் உரோம எழுத்துக் கோவையாகவே நிற்கும். தமிழில் பெயர் பெற்றுவிட்டோம் என்று மகிழ்ந்திருந்தால் போதாது. அப்பெயரின் கோப்பைப் படிக்கவும் திருத்தவும் நாமே கற்றல் வேண்டும். பிறர்கையில் அதனை விட்டுவிட்டால், பெயர் நமதாயினும் ஆட்சி அவர்களதே!

கற்போம், புள்ளியும் பிசகாது எழுதுவோம்.