நோய் வீட்டுக்கும் முறை வைப்போம்

(தோட்டக் கோயில் மண்டபத்தில் ஞாயிற்றுக்கிழமை நடந்த கூட்டத்தில், நலன்புரிக் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை.)



ஞாயிற்றுக்கிழமை ஒருநாள்தான் உங்களுக்கு ஓய்வு. துணி துவைக்க வேண்டும், விறகு பார்க்க வேண்டும், டவுனுக்குப் போய்ச் சாமான் வாங்க வேண்டும். அதையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு வந்திருக்கிறீர்கள். ஆகவே நாம் சுற்றி வளைக்காமல் விஷயத்துக்கு வருகிறோம்.

கீழ் லயத்துத் தங்கச்சியைப் பற்றித்தான் பேசப்போகிறோம். பெயர் சொல்லத் தேவையில்லை, எல்லோருக்கும் தெரியும். வயது இருபத்தாறு. மூத்த பிள்ளை முதலாம் ஆண்டு படிக்கிறது. சின்னதுக்கு ஒன்பது மாதம், இன்னும் பால் மறக்கவில்லை. புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை. வீட்டில் கண் சரியாகத் தெரியாத மாமியார்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலையில் பிரட்டுக்கு வந்த தங்கச்சி, காலில் எறும்பு ஊருவது போல இருக்கிறது என்று சொன்னது. அதற்கு முந்திய வாரம் அதற்கு வயிற்றோட்டம் இருந்தது. "வயித்தால போன அசதிதான், சரியாப் போயிரும்" என்று நாங்களும் சொன்னோம். அன்றைக்கு மலையில் இருந்து இறங்கும்போது இரண்டு தடவை விழுந்தது. புதன்கிழமை படியேற முடியவில்லை. வியாழக்கிழமை பிள்ளையைத் தூக்கக் கையிலே பலமில்லை. அப்போதும் சிலர் காத்து கருப்பு என்றார்கள், சிலர் செய்வினை என்றார்கள். நூல் கட்டினார்கள், எலுமிச்சம்பழம் அறுத்தார்கள். அன்று இரவு தண்ணீர் குடித்தபோது புரைக்கேறி மூச்சு முட்டியது. மேல் லயத்துத் தம்பி ஒருவர்தான் 1990 இலக்கத்துக்குப் போன் பண்ணினார். அம்புலன்ஸ் வந்தது. முதலில் பக்கத்து ஆஸ்பத்திரி, அங்கிருந்து விடியும் முன்னே பெரிய ஆஸ்பத்திரி. நேராகத் தீவிர சிகிச்சைப் பிரிவு. பதினேழு நாள் மெஷின் மூலமாக மூச்சு விட்டது.

இந்த நோய்க்கு கில்லன் பரே என்று பெயர். 1916 ஆம் ஆண்டு இதை விவரித்து எழுதிய பிரெஞ்சு வைத்தியர்களின் பெயரால் வழங்குகிறது. நம் உடம்பில் கிருமியோடு சண்டை போடுவதற்கு ஒரு சக்தி இருக்கிறதல்லவா? வயிற்றோட்டமோ சளிக்காய்ச்சலோ வந்து போனபிறகு, சிலருக்கு அந்தச் சக்தி ஆள் மாறிப்போய்த் தன் சொந்த நரம்புகளையே தாக்கத் தொடங்கிவிடுகிறது. காலில் தொடங்கி மேலே மேலே பலம் போகிறது. மூன்று நான்கு பேரில் ஒருவருக்கு மூச்சுவிடும் தசையும் சோர்ந்துவிடும். அரிதான நோய்தான். ஒரு இலட்சம் பேரில் வருடத்துக்கு ஒருவர் அல்லது இருவருக்கு வரும். யார் குற்றத்தாலும் வருவதல்ல. செய்வினையும் அல்ல.

இன்னொன்றையும் அழுத்திச் சொல்கிறோம். இது தொற்று நோய் அல்ல. அந்த வீட்டுப் பிள்ளைகளோடு உங்கள் பிள்ளைகள் விளையாடலாம். அந்த வீட்டில் தேத்தண்ணி குடிக்கலாம். ஒருவரும் ஒதுங்கிப் போகத் தேவையில்லை.

நல்ல செய்தியும் இருக்கிறது. இந்த நோய் கண்டவர்களில் பத்துக்கு எட்டுப் பேர் ஆறு மாதத்துக்குள் தாமாக எழுந்து நடக்கிறார்கள். நம் தங்கச்சிக்கு மெஷினை எடுத்துவிட்டார்கள். பேசுகிறது. கை கொஞ்சம் அசைகிறது. கால் இன்னும் எழவில்லை. அடுத்த வாரம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள். ஆஸ்பத்திரி தன் வேலையைச் செய்துவிட்டது. இனி வருகிற ஆறு மாதம் நம் கையில் இருக்கிறது.

இந்த இடத்தில் நாங்கள் ஒரு குற்றத்தை ஒப்புக்கொள்ள வேண்டும்.

செய்தி கேட்ட முதல் ஞாயிறு, குழுவினர் லயம் லயமாகப் போய்ப் பணம் சேர்த்தோம். நீங்களும் கை சுருக்கவில்லை. 38,500 ரூபா சேர்ந்தது. கவரில் போட்டுப் புருஷன் கையில் கொடுத்தோம். கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டோம். கடமை முடிந்தது என்று நினைத்தோம்.

இரண்டு வாரம் கழித்துப் பள்ளிக்கூடத்து டீச்சர் கேட்டார், "அந்தப் பிள்ளை ஏன் ஒன்பது நாளா வரல?" என்று. போய்ப் பார்த்தோம். இஸ்தோப்பில் அந்த ஆறு வயதுப் பிள்ளை, தம்பியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. பாட்டி குடத்தோடு பீலிக்குப் போய் இன்னும் வரவில்லை. தகப்பன் ஆஸ்பத்திரியில். அடுப்பில் முதல்நாள் சாம்பல். "ஏம்மா ஸ்கூலுக்குப் போகல?" என்று கேட்டோம். "நான் போனா தம்பி அழுவான்" என்றது. அவ்வளவுதான் சொன்னது. பக்கத்துக் காம்பரா, எதிர்க் காம்பரா, எல்லாவற்றிலும் ஆட்கள் இருந்தார்கள். யாரும் கெட்டவர்கள் இல்லை. ஒவ்வொருவரும் மற்றவர் பார்த்துக்கொள்வார் என்று நினைத்தோம். குழுவில் இருக்கும் நாங்களும் அப்படித்தான் நினைத்தோம்.

நாம் கூடத் தெரியாத ஜனங்களா? இல்லை. ஒரு சாவு விழுந்தால் யாரும் யாரையும் கேட்பதில்லை. மரண ஆதார சங்கம் இருக்கிறது, மாதச் சந்தா இருக்கிறது, கணக்குக் கொப்பி இருக்கிறது. விறகு யார், பந்தல் யார், குழி வெட்டுவது யார் என்று முறை இருக்கிறது. 2014 ஒக்டோபர் 29 ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து லயங்கள் மூடுண்டபோது, முகம் தெரியாத சனத்துக்காக மலைநாடெங்கும் தோட்டங்களில் அரிசியும் உடுப்பும் சேர்த்தார்கள். பெரிய துன்பத்துக்கு நாம் ஓடுகிறோம். ஒரே ஒரு காம்பராவுக்குள் சத்தமில்லாமல் மாதக்கணக்காக நடக்கிற துன்பத்துக்குத்தான் நம்மிடம் முறை இல்லை. செத்த பிறகு தோள் கொடுப்பதற்குச் சங்கம் வைத்திருக்கிற நாம், உயிரோடு படுத்திருக்கிறவளுக்குத் தோள் கொடுக்க ஒரு கொப்பி வைக்கவில்லை. இன்று அந்தக் கொப்பியைத் திறக்கப்போகிறோம். அதற்காகத்தான் உங்களைக் கூப்பிட்டோம்.

என்னென்ன வேலை என்று பிரித்து எழுதியிருக்கிறோம். கேளுங்கள்.

முதலாவது, பிள்ளைகள். சின்னவனைக் காலையில் பிள்ளை மடுவத்தில் விட்டு, மாலையில் கூட்டி வர வேண்டும். மடுவத்து அம்மா சம்மதித்துவிட்டார். மூத்தவளுக்குத் தலைவாரி, சாப்பாடு கட்டி, பள்ளிக்கூடம் அனுப்ப வேண்டும். வாரத்துக்கு ஒரு வீடு. இருபத்தாறு வீடு முன்வந்தால் ஆறு மாதத்துக்கு ஒரு வீட்டுக்கு ஒரே ஒரு வாரம்தான் வரும்.

இரண்டாவது, தண்ணீரும் விறகும். இது இளைஞர் மன்றத்துத் தம்பிமாருக்கு. கிரிக்கட் விளையாடப் போகும் முன் இரண்டு குடம். பெரிய வேலையில்லை.

மூன்றாவது, தங்கச்சியின் உடம்பு. கால் எழும்பும்வரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒரு தடவை திருப்பிப் படுக்க வைக்க வேண்டும். இல்லாவிட்டால் படுக்கைப் புண் வரும். கை கால் மூட்டுகளை நாளுக்குச் சில தடவை மெதுவாக மடக்கி நீட்டிவிட வேண்டும். இல்லாவிட்டால் நரம்பு தேறினாலும் மூட்டு இறுகிவிடும். இதை இஷ்டத்துக்குச் செய்யக்கூடாது. எண்ணெய் போட்டு முறுக்குவது, சுளுக்கு எடுப்பது எல்லாம் வேண்டாம். ஆஸ்பத்திரியில் உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கிறவர்கள் இருக்கிறார்கள். வீட்டுக்கு அனுப்புமுன் இரண்டு பெண்கள் போய் அவர்களிடம் நேராகப் பழகி வர வேண்டும். பஸ் காசு குழு கொடுக்கும். அந்த இரண்டு பேர் மற்றவர்களுக்குப் பழக்குவார்கள். ஆளை அளவுக்கு மீறிக் களைக்க வைக்கவும் கூடாது.

நான்காவது, கிளினிக். பெரிய ஆஸ்பத்திரியில் வைத்தியம் இலவசம். ஆனால் போய்வர வேண்டுமே. நடக்க முடியாதவளை பஸ்ஸில் ஏற்ற முடியாது, வேன் பிடிக்க வேண்டும். கூடவே ஒரு பெண் வேண்டும். சிங்களம் வாசிக்கத் தெரிந்த ஒருவரும் வேண்டும். மருந்துத் துண்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமல் தலையாட்டிவிட்டு வருவது நமக்குப் பழகிப்போன விஷயம். இந்த விஷயத்தில் அது கூடாது. ஓ.எல்., ஏ.எல். படித்த பிள்ளைகளே, உங்கள் படிப்புக்கு இங்கே வேலை இருக்கிறது.

ஐந்தாவது, வேலையும் பதிவும். வைத்தியச் சான்றிதழை ஒழுங்காகத் தோட்ட அலுவலகத்தில் கொடுத்து, பெயர் வெட்டுப்படாமல் பார்க்க வேண்டும். எந்தச் சங்கத்துத் தலைவர் என்று பார்க்காமல், எல்லாத் தலைவர்மாரும் சேர்ந்து துரையிடம் பேச வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறோம். என்ன அரச உதவி கிடைக்கும் என்று கிராம சேவகர் ஊடாகப் பிரதேச செயலகத்தில் விசாரிக்க வேண்டும்.

ஆறாவது, பணம். 64 வீடு இருக்கிறது. வீட்டுக்கு மாதம் 100 ரூபா என்றால் 6,400 ரூபா. இது பால்மாவுக்கும் வேன் கூலிக்கும் ஒரு பகுதிக்காவது உதவும். முடியாதவர்கள் கொடுக்க வேண்டாம். அவர்கள் இரண்டு குடம் தண்ணீர் கொடுக்கட்டும், அதுவும் கொப்பியில் ஏறும். வந்த காசும் போன காசும் மாத முடிவில் கோயில் வாசலில் ஒட்டப்படும். கணக்கில் சந்தேகம் வந்தால் எங்களை முகத்துக்கு நேராகக் கேளுங்கள். பீலியடியில் பேச வேண்டாம்.

சிலர் மனதில் ஒரு கேள்வி இருக்கிறது, எங்களுக்குத் தெரியும். "அந்த வீட்டுக்காரங்க நம்ம வீட்டுக் காரியத்துக்கு வந்தாங்களா? போன திருவிழாவில சண்டை போட்டாங்களே?" என்று. உண்மைதான், சண்டை நடந்தது. அதைத் தீர்க்க வேறொரு நாள் கூட்டம் போடுவோம். ஒன்பது மாதப் பிள்ளைக்குத் திருவிழாச் சண்டை தெரியாது.

இன்னொரு சங்கதி. தங்கச்சிக்கு ஆஸ்பத்திரியில் ஏற்றிய மருந்து எதிலிருந்து வந்தது என்று டொக்டரிடம் கேட்டோம். அது மனிதரின் குருதியில் இருந்து பிரித்து எடுக்கப்படுவது. அந்த மருந்தின் ஒரு தொகுதியைச் செய்ய ஆயிரம் பேருக்குக் குறையாமல் குருதி நீர் கொடுத்திருக்க வேண்டுமாம். எந்த நாட்டுக்காரரோ, என்ன சாதியோ, என்ன மதமோ நமக்குத் தெரியாது. அவர்களுக்கும் நம் கீழ் லயத்தைத் தெரியாது. முகம் தெரியாத ஆயிரம் பேர் கொடுத்திருக்கும்போது, முகம் தெரிந்த 64 வீடு யோசித்துக்கொண்டிருக்கலாமா?

அந்தக் கடனுக்கு நாமும் ஏதாவது செய்ய வேண்டும். நம் நாட்டில் 18 வயதுக்கும் 60 வயதுக்கும் இடைப்பட்ட, சுகதேகியான ஆள் நான்கு மாதத்துக்கு ஒரு தடவை இரத்த தானம் செய்யலாம். இரத்தம் குறைந்தவர்களிடம் எடுக்க மாட்டார்கள். முதலிலே பரிசோதித்துச் சொல்லிவிடுவார்கள். பக்கத்தில் முகாம் நடக்கும்போது சொல்கிறோம், வாங்க.

கடைசியாக, உங்கள் வீட்டுக்காகச் சொல்கிறோம். தண்ணீரைக் கொதிக்க வைத்துக் குடியுங்கள், கோழியிறைச்சியை நன்றாக வேக வையுங்கள். இந்த நோய்க்கு முன்னால் பலருக்கு வயிற்றோட்டம்தான் வருகிறது. இரண்டு காலிலும் ஒரேயடியாக விறுவிறுப்பும் பலவீனமும் வந்து அது மேலே ஏறினால், விழுங்கவோ மூச்சுவிடவோ கஷ்டமாக இருந்தால், நூல் கட்டிக்கொண்டு இருக்க வேண்டாம். உடனே ஆஸ்பத்திரி. 1990 என்ற இலக்கத்துக்குப் பேசினால் சுவசெரிய அம்புலன்ஸ் காசில்லாமல் வரும். ரோட்டுக்கு வரும் வழியைச் சொல்ல ஒருவர் முச்சந்தியில் டோர்ச்சோடு நிற்க வேண்டும். செவ்வாய்க்கிழமையே நாம் இதைச் செய்திருந்தால் தங்கச்சி மூன்று நாள் முந்தி ஆஸ்பத்திரியில் இருந்திருக்கும். அந்த மூன்று நாள் நம் எல்லோர் கணக்கிலும் இருக்கிறது.

பத்து நாளுக்கு முன் நாங்கள் ஆஸ்பத்திரிக்குப் போனபோது தங்கச்சி சரியாகப் பேசவில்லை. தொண்டையில் குழாய் போட்ட புண். காதை வாயருகில் வைத்துக் கேட்டோம். "புள்ளைங்க சாப்பிட்டாங்களா?" என்றுதான் கேட்டது. "சாப்பிட்டாங்க, நாங்க பாத்துக்கிறோம்" என்று சொல்லிவிட்டு வந்தோம். உங்களைக் கேட்காமல் உங்கள் பெயரிலும் சேர்த்துச் சொல்லிவிட்டோம். அந்த வார்த்தையைக் காப்பாற்றித் தாருங்கள்.

கொப்பி கோயில் வாசலில் மேசை மேல் இருக்கிறது, பேனாவும் இருக்கிறது. எழுதத் தெரியாதவர்களுக்கு எழுதித் தர ஆள் இருக்கிறது. முதல் வாரத்துக்குக் குழுவில் உள்ள நாங்களே பெயர் போட்டுவிட்டோம். இரண்டாவது வாரத்துக்கு யார்?