உடலினுள் ஒளிந்த பொருள்



1881-ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 2-ஆம் நாள், அமெரிக்கக் குடியரசுத் தலைவர் ஜேம்ஸ் கார்பீல்டு, வாஷிங்டன் நகரப் புகைவண்டி நிலையத்தில் சுடப்பட்டார். முதுகில் பாய்ந்த குண்டு எங்கே தங்கியது என்பதை ஒருவராலும் அறிய இயலவில்லை. மருத்துவர்கள் தூய்மை செய்யாத விரல்களைப் புண்ணினுள் செலுத்தித் துழாவினர்.

தொலைபேசியைக் கண்ட கிரகாம் பெல் உதவ முன்வந்தார். மின்சுருள்களுக்கு அருகே உலோகம் வந்தால் ஒலியெழுப்பும் கருவியொன்றை அவர் அமைத்தார். ஆகஸ்டு 1-ஆம் நாள் அதனை நோயாளியின் உடல்மீது செலுத்தியபோது, ஓரிடத்தில் மட்டுமன்றிப் பரந்த இடமெங்கும் மெல்லொலி கேட்டது! படுக்கையின் அடியில் எஃகுக் கம்பி மெத்தை கிடந்தமை பின்னரே தெரிய வந்தது. அன்றியும், குண்டு வலப்புறமே உள்ளதென்று தலைமை மருத்துவர் உறுதியாக நம்பியதால், அப்பக்கமே ஆராயப்பட்டது. செப்டம்பர் 19-ஆம் நாள் தலைவர் உயிர் நீத்தார். குண்டோ முதுகெலும்பின் இடப்புறத்தே இருந்தது. குண்டினும் புண்ணில் புகுந்த கிருமிகளே அவர் உயிரைப் பறித்தன என்பது இன்று அறிஞர் பலரின் கருத்து.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 1895 நவம்பர் 8-ஆம் நாள், ஜெர்மனியில் ராண்ட்ஜன் எக்ஸ் கதிர்களைக் கண்டார். அடுத்த ஆண்டே மருத்துவர்கள் அவற்றைக் கொண்டு உடலினுள் தங்கிய குண்டுகளைத் தேடத் தொடங்கினர். அடர்த்தி மிக்க உலோகம் கதிர்களைத் தடுப்பதால், அதன் உருவம் படத்தில் தெளிவாக விழுகிறது.

ஆயின் எக்ஸ்ரே எல்லாவற்றையும் காட்டும் என்று எண்ணற்க. காலில் தைத்த முள்ளும் மரச்சிராயும் பெரும்பாலும் அதில் தோன்றா. அவற்றைத் தேட, செவிக்கெட்டா ஒலியலைகளை அனுப்பி எதிரொலியால் படம் எடுக்கும் ஸ்கேன் உதவுகிறது. வலிய காந்தத்தால் இயங்கும் எம்.ஆர்.ஐ. கருவியோ, கண்ணில் இரும்புத் துகள் இருந்தால் அதனை நகர்த்திப் பார்வையைக் கெடுக்கக்கூடும். குழந்தை விழுங்கியது காசா, பொத்தான் வடிவ பாட்டரியா என்பதும் உயிர்நிலையான வினா. படத்தில் பாட்டரியின் விளிம்பு பெரும்பாலும் இரட்டை வளையமாய்த் தெரியும். உணவுக்குழாயில் சிக்கிய பாட்டரி இரண்டே மணி நேரத்தில் அதனைப் புண்ணாக்க வல்லது.

ஆகவே, எந்தக் கருவியைக் கொண்டு எங்கே தேடுவது என்பதை மருத்துவர் முடிவு செய்ய நாம் கூறும் உண்மையே துணை. முப்பதாண்டுக்கு மேல் மாணவரோடு பழகியவன் நான். ஏச்சுக்கு அஞ்சி, "ஒன்றும் இல்லை, ஐயா" என்று வீங்கிய காலை மறைத்த சிறுவரைக் கண்டிருக்கிறேன். உங்கள் வீட்டுப் பிள்ளைகள் எதையேனும் விழுங்கினால், அவர்களைக் கடிந்து வாய்மூடச் செய்யாதீர்கள். விழுங்கியது என்ன, எப்போது என்று அன்போடு கேட்டறிந்து, உடனே மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.