நன்றி வேறு, பக்தி வேறு

இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம், ஒரு பத்திரிகைச் சித்திரத்திற்கு ஜனங்கள் விடைகொடுத்தனுப்பிய கதையாகும். சுயமரியாதைக் கூட்டத்தில் பொம்மைப் படத்தைப் பற்றி என்ன பேச்சு என்று உங்களில் சிலர் நினைக்கலாம். யார் பக்கத்தில் யார் உட்காருவது என்கின்ற சண்டை பொம்மைப் படத்திலும் நடந்திருக்கின்றது என்பதைக் கேட்டால் அந்தச் சந்தேகம் தீர்ந்துவிடும்.

அமெரிக்காவில் சார்லஸ் ஷூல்ஸ் என்று ஒரு சித்திரக்காரர் இருந்தார். 1922-ல் பிறந்தவர். அவரது தகப்பனார் சவரத் தொழிலாளி. நம் நாட்டில் அத்தொழிலாளியின் மகன் கையிலும் கத்தியைக் கொடுத்து, இதுதான் உன் குலதர்மம் என்று சொல்லி, வாசலோடு நிறுத்தி வைத்த கொடுமையை நாம் அறிவோம். ஷூல்ஸோ பேனாவைக் கையில் எடுத்தார். தமது படத்தின் கதாநாயகனான சார்லி பிரவுன் என்கின்ற பையனுக்கும் சவரத் தொழிலாளியையே தகப்பனாக வைத்தார். ஒளிக்கவுமில்லை, வெட்கப்படவுமில்லை.

‘பீநட்ஸ்’ என்ற அந்தப் படம் 1950 அக்டோபர் 2-ந்தேதி 7 பத்திரிகைகளில் ஆரம்பமாயிற்று. முடியும்போது 2,600-க்கு மேற்பட்ட பத்திரிகைகளில் வந்துகொண்டிருந்தது. மொத்தம் 17,897 படங்கள். அத்தனையும் ஒருவர் கை உழைப்பு. உதவிக்கு ஆள் வைத்து வரைந்ததில்லை.

1968 ஏப்ரல் 4-ந்தேதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டார். அந்த மாதமே பள்ளிக்கூட ஆசிரியை ஒருவர், உமது படத்தில் ஒரு கருப்பினப் பிள்ளையையும் சேர்க்கக்கூடாதா என்று ஷூல்ஸுக்குக் கடிதம் எழுதினார். ஜூலை 31-ந்தேதி பிராங்கிளின் என்கின்ற கருப்பினச் சிறுவன், கடலில் போன பந்தைச் சார்லி பிரவுனிடம் எடுத்துக் கொடுத்துக்கொண்டு படத்தில் வந்து சேர்ந்தான். பிறகு பள்ளிக்கூடத்தில் வெள்ளைப் பிள்ளைகளோடு உட்கார்ந்தான். உடனே தெற்குப் பக்கத்துப் பத்திரிகாசிரியர் ஒருவருக்குப் பொறுக்கவில்லை. கருப்பன் வரட்டும், ஆனால் ஒரே வகுப்பில் சேர்த்துக் காட்டவேண்டாம் என்று எழுதினார். வெள்ளையருக்கும் கருப்பருக்கும் தனித்தனிப் பள்ளிக்கூடம் சட்டவிரோதம் என்று அந்நாட்டு உயர்ந்த நீதிமன்றம் 1954-லேயே தீர்ப்புச் சொல்லிவிட்டது. அப்படியிருந்தும் இந்த ஆக்ஷேபணை! ஷூல்ஸ் அதற்குப் பதிலே எழுதவில்லை. பிராங்கிளின் உட்கார்ந்த இடத்திலேயே உட்கார்ந்திருந்தான்.

சேரன்மாதேவி குருகுலத்தில் பார்ப்பனப் பிள்ளைக்கு ஒரு பந்தி, மற்றப் பிள்ளைக்கு வேறு பந்தி என்றிருந்ததைப் பெரியார் 1924-25-ல் எதிர்த்தது உங்களுக்குத் தெரியும். பந்தியானால் என்ன, பெஞ்சியானால் என்ன? நோய் ஒன்றுதான்.

இனி, நமது பாராட்டோடு குறையையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பிராங்கிளின் வருவதற்கு 18 வருஷம் பிடித்தது. அதுவும் ஒருவர் கேட்ட பிறகு. அவருக்கு முன்பே மோரி டர்னர் என்ற கருப்பினச் சித்திரக்காரர், எல்லா இனப் பிள்ளைகளும் கூடி விளையாடும் ‘வீ பால்ஸ்’ படத்தை 1965-ல் தொடங்கிவிட்டார். உமது படத்தில் எங்கள் பிள்ளைகள் ஏன் இல்லை என்று அவர் கேட்டதற்கு, நீரே ஒன்று வரையலாமே என்று தைரியம் சொன்னவர் ஷூல்ஸ்தான். அந்தத் தைரியத்திற்கு நன்றி. ஆனாலும் கேட்டவருக்கும் பாதி நன்றி உண்டு. தவிர, ஷூல்ஸ் பைபிளை அடிக்கடி எடுத்துக்காட்டியவர். அதில் நமக்கு அவரோடு சம்மதமில்லை.

1999 டிசம்பரில், நோயினால் இனி வரைய முடியாது என்று அவர் அறிவித்தார். வாசகர்களுக்கு எழுதிய விடைபெறும் கடிதத்தோடு கடைசிப் படம் 2000 பிப்ரவரி 13-ந்தேதி ஞாயிற்றுக்கிழமை வெளியாயிற்று. அதற்கு முந்தின இரவு அவர் இறந்தார். உடனே, பார்த்தீர்களா தெய்வச் செயலை என்று சொல்லுபவர்கள் இருப்பார்கள். ஞாயிறு படங்கள் பல வாரம் முன்னதாகவே வரைந்து அனுப்பப்படுபவை. புற்றுநோயும் முன்பே தெரிந்ததுதான். காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததற்குக் கடவுளை ஏன் கூப்பிடவேண்டும்?

தமக்குப் பின் பத்திரிகையில் வேறொருவர் இதை வரையக்கூடாது என்பது அவர் விருப்பம். அப்படியே பழைய படங்களைத்தான் மறுபடி அச்சிட்டார்கள். மடத்துக்குப் பட்டம் கட்டுவதுபோல் பீடத்துக்கு வாரிசு தேடவில்லை. அந்த வருஷம் மே 27-ந்தேதி நூற்றுக்கு மேற்பட்ட படங்களின் சித்திரக்காரர்கள், தங்கள் தங்கள் படத்திலேயே அவரது பாத்திரங்களை வரைந்து நன்றி செலுத்தினார்கள். திவசமில்லை, தட்சணையில்லை, மோட்சத்துக்குச் சீட்டுமில்லை. தொழிலாளி தொழிலாளிக்குத் தன் தொழிலாலேயே செய்த மரியாதை அது.

தோழர்களே! பக்தி செய்பவன் குறையைப் பார்க்கமாட்டான். வெறுப்பவன் குணத்தைப் பார்க்கமாட்டான். இரண்டையும் பார்த்துவிட்டுக் கைகொடுப்பவன்தான் நன்றி சொல்ல யோக்கியதை உடையவன். அப்படியே ஷூல்ஸுக்கும், டர்னருக்கும், கடிதம் எழுதிய அந்த அம்மாளுக்கும் நமது நன்றியைச் சொல்லி இதை முடித்துக்கொள்ளுகின்றோம்.