செல்லுக்குள் ஒரு பாஸிங் ஆபீசர்

(நம் சங்கத்தின் மாதக் கூட்டத்தில் பேசியது)

வங்கியில் வவுச்சர் எழுதி ஓய்வு பெற்றவனுக்குப் புற்றுநோயைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று செயலாளரிடமே கேட்டேன். "வவுச்சர் மாதிரியே சொல்லுங்க சார், புரியும்" என்றார்.

செல்லுக்குள் டி.என்.ஏ. என்றொரு லெட்ஜர் இருக்கிறது. அது ஸ்ட்ராங் ரூமை விட்டு வெளியே வராது. வேண்டிய பக்கத்துக்கு மட்டும் நகல் எடுத்து அனுப்புவார்கள், அதுதான் ஆர்.என்.ஏ. அந்த நகலைப் பார்த்துத்தான் புரதங்கள் தயாராகின்றன.

செல் இரண்டாகப் பிரியும்போது லெட்ஜர் முழுவதையும் இன்னொரு படி எழுதவேண்டும். பிழை வராமல் இருக்குமா? அதைப் பிடிக்கிற ஆபீசர்தான் பி53 என்ற புரதம். 1979-ல் கண்டுபிடித்தார்கள். டி.என்.ஏ. சேதமானால் இது லெட்ஜரில் குறிப்பிட்ட இடங்களில் போய் ஒட்டிக்கொண்டு, பி21 என்ற பக்கத்தை நகலெடுக்க வைக்கும். பி21 புரதம் வந்ததும் செல் பிரிவது நின்றுவிடும். பிழையைத் திருத்த முடிந்தால் சரி. முடியாவிட்டால் அந்தச் செல்லையே சாகச் சொல்லிவிடும். எங்கள் கிளையில் இவ்வளவு கண்டிப்பான ஆபீசரை நான் பார்த்ததில்லை.

புற்றுநோய்களில் ஏறக்குறைய பாதியில் இந்த பி53-க்கான மரபணுவே கெட்டிருக்கும். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் கதை வேறு. மரபணு பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். ஆனால் எச்.பி.வி. என்ற வைரஸ், ஈ6 என்றொரு புரதத்தை வைத்து பி53-ஐச் செல்லின் குப்பைக்கே அனுப்பிவிடும். ஆபீசர் நாற்காலி காலி. எந்த வவுச்சரும் பாஸ்.

இந்த வைரஸ் தொற்று சாதாரணம். பெரும்பாலோருக்கு ஓரிரு வருஷத்தில் தானே போய்விடும். தங்கிவிட்டால் புற்றுநோயாக மாறப் பத்து, இருபது வருஷம் ஆகலாம். அத்தனை அவகாசம். என் அண்ணி அதில் ஒரு நாள்கூடப் பரிசோதனைக்குப் போகவில்லை. மாதவிலக்கு நின்ற பிறகும் ரத்தம் பட்டதை எட்டு மாதம் யாரிடமும் சொல்லவில்லை. சொன்னபோது டாக்டர்கள் செய்வதற்கு அதிகமில்லை. ஆம்பிளை நான் இதைப் பேச வந்தது அதனால்தான்.

திண்டுக்கல் மாவட்டம் அம்பிளிக்கை பக்கத்துக் கிராமங்களில் 2000-ல் ஓர் ஆய்வு தொடங்கினார்கள். 30 முதல் 59 வயதுப் பெண்களுக்குக் கர்ப்பப்பை வாயில், வினிகரில் இருக்கிற அதே அசிட்டிக் அமிலத்தை நீர்க்கக் கலந்து தடவி, பயிற்சி பெற்ற நர்சுகள் ஒரு நிமிஷம் கழித்துப் பார்த்தார்கள். மாறிய செல்கள் வெள்ளையாகத் தெரியும். இருந்தால் சிகிச்சை. பரிசோதனை ஒரே ஒரு தடவைதான். 2007-ல் முடிவு வந்தது: அழைக்கப்பட்டவர்களிடையே இந்த நோயால் இறப்பு 35 சதவீதம் குறைவு. இத்தனைக்கும் அழைத்தவர்களில் மூன்றில் ஒருவருக்கு மேல் வரவே இல்லை!

30 வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் அரசு மருத்துவமனைகளிலும் இந்தப் பரிசோதனை இலவசம். 9 முதல் 14 வயதுப் பெண் குழந்தைகளுக்குத் தடுப்பூசி உண்டு. நம் நாட்டுத் தயாரிப்பான செர்வாவாக் 2023-ல் வந்துவிட்டது. ஊசி போட்டாலும் பிற்பாடு பரிசோதனை வேண்டும்.

அடுத்த வாரம் நாலைந்து பேராக அம்பத்தூர் அரசு மருத்துவமனைக்குப் போவதாகப் பேச்சு. துணைக்கு என் வீட்டம்மா வருகிறார். வருகிறவர்கள் என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் அவரிடமே பெயர் கொடுத்துவிடுங்கள்.